கடைசிப் பால்தான் காசு

பால் கூட்டுறவு சொசைட்டியில் லிட்டரை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை, கொழுப்பையும் எஸ்.என்.எஃப். எனும் இதரச் சத்தையும் பார்க்கிறார்கள். முதலில் கறக்கும் பாலில் கொழுப்பு குறைவு, மடியை ஒட்டக் கறக்கும் கடைசிப் பாலில்தான் அதிகம். நம்மில் பலர் அந்தக் கடைசிப் பாலைத்தான் கன்றுக்கு விடுகிறோம்! கன்றை முதலில் ஊட்டவிடுங்கள். மாடு சுரந்ததும் 5 முதல் 7 நிமிடத்துக்குள் ஒட்டக் கறந்துவிடுங்கள். இழுத்தடித்தால் பால் மடியிலேயே நின்றுவிடும். அதற்காகக் கன்றின் பங்கில் கை வைக்காதீர்கள், கிடாரியென்றால் நாளைய கறவை அதுதான்.

பச்சைப்புல் மட்டுமே போட்டாலும் கொழுப்பு இறங்கும். கோ-4 எனும் பச்சைத் தீவனப்புல்லோடு வைக்கோலோ சோளத்தட்டோ சேர்த்துப் போடுங்கள். தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் இருக்கட்டும். பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தானே.