லினக்ஸ் ஆன் ஆகும்போதும் அணையும்போதும் நம் ஸ்கிரிப்டை ஓடவிடுவது எப்படி

குமுளி, கம்பம்மெட்டு பக்கம் ஏலக்காய்க் கடையில் லினக்ஸ் மெஷினில் கணக்குப் பார்க்கிறீர்களா? மெஷினை அணைக்கும்போதே அன்றைய எடையும் விலையும் வேறொரு கம்ப்யூட்டருக்கு பேக்கப் போய்விடும்படி இன்றைக்கே செய்துவையுங்கள்.

பலரும் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவிடும் புரோகிராம்) ஒரு '@ரீபூட்' வரி போட்டதோடு விட்டுவிடுகிறார்கள். ஆன் ஆகும்போது அது ஓடும், சரி, ஆனால் அணைக்கும் நேரத்துக்கு கிரானில் வழியே கிடையாது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றிலும் சிஸ்டம்டி (மெஷினில் ஓடும் வேலைகளைத் தொடங்கி நிறுத்தும் புரோகிராம்) இருப்பதால், எதை எப்போது ஓட்ட வேண்டும் என்று அதற்குச் சொல்லும் ஒரே சர்வீஸ் ஃபைலில் இரண்டையும் முடித்துவிடலாம்.

ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிய ஃபைலான ஸ்கிரிப்டை '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' ஃபோல்டரில் வைத்து எக்ஸிக்யூட் பர்மிஷன் கொடுங்கள். உள்ளே வரும் ஃபைல்களுக்கு முழுப் பாதை எழுதுங்கள், ஏனென்றால் நீங்கள் லாகின் செய்யும்போது கிடைக்கிற செட்டிங் எதுவும் அங்கே இருக்காது.

அப்புறம் '/இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்' ஃபோல்டரில் 'ஸ்டோர்.சர்வீஸ்' என்று ஒரு ஃபைல் (டைப் செய்வதெல்லாம் ஆங்கில எழுத்தில்தான்). யூனிட் பகுதியில் வான்ட்ஸ், ஆஃப்டர் இரண்டுக்கும் 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' கொடுங்கள். சர்வீஸ் பகுதியில் 'டைப்=ஒன்ஷாட்', 'ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்=யெஸ்', ஆன் ஆகும்போது ஓட வேண்டியது 'எக்ஸெக்ஸ்டார்ட்', அணையும்போது ஓட வேண்டியது 'எக்ஸெக்ஸ்டாப்'. இன்ஸ்டால் பகுதியில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்', அவ்வளவுதான்.

இதில் 'ரிமெய்ன்ஆஃப்டர்எக்ஸிட்' வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் ஸ்டார்ட் வேலை முடிந்த உடனே சர்வீஸும் முடிந்ததாகக் கணக்காகி, ஸ்டாப் வேலை அப்போதே, காலையிலேயே ஓடிவிடும், சாயங்காலம் மெஷினை அணைக்கும்போது ஒன்றும் நடக்காது. ஆஃப்டர் வரியும் முக்கியம்: நிறுத்தும் வரிசை தொடங்கிய வரிசைக்கு நேர் தலைகீழ் என்பதால், நெட்வொர்க்குக்குப் பிறகு தொடங்கிய நம் சர்வீஸ் நெட்வொர்க் போவதற்கு முன்பே நிற்கும், பேக்கப் வெளியே போக லைன் இருக்கும்.

நிறுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் சிஸ்டம்டியில் வழக்கமாக 90 நொடிதான் (புது ஃபெடோராவில் 45), தாண்டினால் ஸ்கிரிப்டைப் பாதியில் கொன்றுவிடும். பெரிய ஃபைலென்றால் 'டைம்அவுட்ஸ்டாப்செக்=5மின்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', பிறகு 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் ஸ்டோர்'. அந்த '--நவ்' இல்லாமல் வெறும் எனேபிள் கொடுத்தால் சர்வீஸ் இன்னும் தொடங்கியிருக்காது, இன்று அணைக்கும்போது ஸ்டாப் ஓடாது. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் ஸ்டோர்' அடித்து, 'ஜர்னல்சிடிஎல் -யு ஸ்டோர்' பார்த்தால் ஓடியதா என்று தெரிந்துவிடும். பார்த்த கையோடு மறுபடி ஸ்டார்ட் கொடுத்துவிடுங்கள்.

லினக்ஸ் இல்லாமல் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு, சிஸ்டம்டிக்குப் பதில் ஆர்சி.டி ஸ்கிரிப்ட்தான், அதில் 'கீவேர்ட்: ஷட்டவுன்' வரி இருந்தால் மட்டுமே அணையும்போது கூப்பிடும்.

ஆடிச் சாரலில் கரண்ட் பட்டென்று போனால் இது எதுவும் ஓடாது. யுஎஸ்பி ஒயர் உள்ள யுபிஎஸ் வாங்கி, யுபிஎஸ்ஸைக் கவனிக்கும் 'நட்' (என்யூடி) சாஃப்ட்வேர் போடுங்கள். பேட்டரி இறங்கும்போது அதுவே முறையாக ஷட்டவுன் கொடுக்கும், பேக்கப்பும் ஓடிவிடும்.