கத்தி மழுங்குவதும் சட்டி ஒட்டுவதும்: சமையலறைச் சாமான்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கத்தி, ஒரு பலகை, இரண்டு மூன்று சட்டிகள், குக்கர், மிக்சி, சின்னத் தராசு. வீட்டுச் சமையலில் பெரும்பகுதி இவற்றோடு முடிந்துவிடும். இவற்றில் ஒன்று சீக்கிரம் பாழானால் சாமான் மட்டம் என்று சொல்லிவிடுகிறோம். பல சமயம் கெடுதல் தொடங்குவது நம் கையில்தான்: அடுப்பில் வைத்த முதல் இரண்டு நிமிடத்தில், அல்லது கழுவிக் கவிழ்க்கும்போது.

கத்தியும் பலகையும்

கத்தியை மழுங்கடிப்பதில் முதல் குற்றவாளி பலகை. கண்ணாடி, பளிங்கு, கிரானைட் மேடை, பீங்கான் தட்டு, எவர்சில்வர் தட்டு எதன் மேலும் வைத்து நறுக்கக் கூடாது. கூரான கத்தியின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. கெட்டியான பரப்பில் இடித்தால் அது மடங்கும், இல்லையேல் பொடிப்பொடியாக உதிரும். மரமும் பிளாஸ்டிக்கும் சற்று அமுங்கிக்கொடுக்கும், அதனால் கூர் நிற்கும். நறுக்கிய காயை விளிம்பாலேயே வழித்துச் சட்டியில் தள்ளுவதும் பலர் யோசிக்காமல் செய்கிற தவறு. கத்தியைத் திருப்பி முதுகுப்பக்கத்தால் தள்ளினால் போதும்.

அடுத்தது, தீட்டும் கம்பியையும் சாணைக்கல்லையும் ஒன்றாக நினைப்பது. கம்பி மடங்கிய விளிம்பை நிமிர்த்தும். புது விளிம்பை உண்டாக்காது. கம்பியில் பத்துத் தரம் இழுத்த பிறகும் தக்காளித் தோல் அறுபடாமல் நசுங்குகிறது என்றால் கல்லை எடுக்க வேண்டும். வழக்கமான தீட்டலுக்கு 1000 கிரிட் கல் சரி (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைக் காட்டும் எண்; எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்). விளிம்பு பல்பல்லாக உடைந்திருந்தால் மட்டும் 220 முதல் 400 வரை. 3000க்கு மேல் போவது மெருகுக்கு. மழுங்கிய கத்தியை நேரே 6000 கிரிட்டில் தேய்ப்பவர்களுக்குக் கிடைப்பது பளபளப்பான மழுங்கல் கத்திதான்.

கோணம் ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி. கோணமானி தேவையில்லை. கத்தியின் அகலம் 4.5 செ.மீ. என்றால், முதுகைக் கல்லிலிருந்து 1.2 முதல் 1.5 செ.மீ. உயர்த்திப் பிடித்தால் அந்தக் கோணம் வந்துவிடும். ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி மெதுவாக நகர்த்தினால் அது தட்டுப்படும். (விளிம்போடு சேர்த்து நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது, வெட்டிவிடும்.) குதிகால் (கைப்பிடியை ஒட்டிய முனை) முதல் நுனி வரை பிசிறு எழுந்த பிறகுதான் மறுபக்கம் திருப்ப வேண்டும். வீட்டில் தீட்டுபவர்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்: பிசிறு வருமுன்னே திருப்பிவிடுகிறார்கள், இரண்டு பக்கமும் அரைகுறையாக நின்றுவிடுகிறது. கடைசியில் பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் சில இழுப்புகள் இழுத்தால் பிசிறு போய்விடும்.

கத்தியைச் சிங்க்கில் பாத்திரக் குவியலுக்குள் போடாதீர்கள். கூர் போவது ஒருபுறம், கழுவுபவரின் விரல் மறுபுறம். கழுவியதும் துடைத்து உறையிலோ காந்தப் பட்டையிலோ வைக்க வேண்டும். கரண்டிகளோடு ஒரே இழுப்பறையில் கிடந்தால் ஒவ்வொரு திறப்பிலும் இடிபடும்.

மரப்பலகை வளைவதற்குக் காரணம் ஒரு பக்கம் மட்டும் நனைவது. இரு பக்கமும் நனைத்துக் கழுவி, நிமிர்த்தி நிறுத்திக் காயவையுங்கள். படுக்கவைத்தால் அடிப்பக்கம் ஈரத்திலேயே கிடக்கும். ஊறவைத்தால் ஒட்டு விட்டுவிடும். பலகைக்குச் சமையல் எண்ணெய் தடவுகிறார்கள். அதில் பெரும்பாலானவை உலராமல் நாளடைவில் சிக்குவாடை பிடிக்கும். உணவுத்தர மினரல் ஆயில்தான் பொருத்தம். நறுக்கும்போது அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப்பலகை வேண்டும். நகம் மாட்டுகிற அளவு ஆழமாக வெட்டுப்பள்ளம் விழுந்த பிளாஸ்டிக் பலகையை எவ்வளவு தேய்த்தாலும் சுத்தம் செய்ய முடியாது, மாற்றிவிடுங்கள்.

மூன்று சட்டி, மூன்று குணம்

இரும்புச் சட்டிக்குச் சொல்கிற விதி நான்ஸ்டிக்குக்கு ஆகாது, நான்ஸ்டிக்குக்குச் சொல்வது எவர்சில்வருக்கு ஆகாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி நடத்துவதுதான் இங்கே பெரிய தவறு.

இரும்புச் சட்டியைப் பழக்குவது என்பது எண்ணெயைக் குடிக்கவைப்பதல்ல. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கடும் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய படலமாகிறது, அவ்வளவுதான். அதனால் எண்ணெய் தாராளமாக ஊற்றினால் படலம் பிசுபிசுவென்று நிற்கும், பிறகு திட்டுத்திட்டாக உரியும். சில சொட்டு விட்டு எங்கும் தேய்த்து, 'எண்ணெயே இல்லை' என்று தோன்றும் வரை சுத்தத் துணியால் துடைத்தெடுங்கள். லேசாகப் புகை எழும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, இதையே மூன்று நான்கு முறை செய்ய வேண்டும்.

சோப்பு பட்டால் பழக்கம் போய்விடும் என்பது பழைய பயம். காரம் மிகுந்த அந்தக்கால சோப்புக்கு அது சரி. இன்றைய மென்மையான பாத்திரம் கழுவும் திரவம் இறுகிய படலத்தை ஒன்றும் செய்யாது. படலத்தை உண்மையில் அரிப்பது புளிப்பு. தக்காளியையோ வினிகரையோ அரைமணி நேரம் இரும்பில் கொதிக்கவிட்டால் படலம் கரையும், உணவிலும் இரும்பு வாடை ஏறும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதும் கூடாது. கழுவியதும் துணியால் துடைத்து, சிறுதீயில் ஒரு நிமிடம் காட்டி, ஈரம் துளியும் இல்லாமல் எடுத்துவையுங்கள்.

நான்ஸ்டிக்கின் எதிரி வெறுஞ்சூடு. அதன் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் வெளிவரும் புகை மனிதருக்கும் கெடுதல், கூண்டுப் பறவைகளை அது கொன்றேவிடும். பெருந்தீயில் காலிச் சட்டி இந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்கள் போதும். எனவே எண்ணெயோ உணவோ இல்லாமல் ஏற்றாதீர்கள், நடுத்தீக்கு மேல் போகாதீர்கள். உலோகக் கரண்டி, கம்பி நார் இரண்டும் வேண்டாம். சூடான சட்டியைக் குழாய்த்தண்ணீரில் காட்டினால் அடி கோணிவிடும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதானால் நடுவில் துணி வையுங்கள்.

எவர்சில்வருக்கு நேர் எதிர். அதை முதலில் வெறுமனே சூடாக்கித்தான் ஆக வேண்டும். முட்டையோ மீனோ ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் சட்டி போதிய சூடாகாததால். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சீறி மறைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பாதரசம் போல உருண்டு ஓடினால் எண்ணெய் விடலாம். உணவைப் போட்டதும் கரண்டியால் பெயர்க்கப் போகாதீர்கள். அடி சிவந்ததும் தானே விடும். இன்னொன்று: குளிர்ந்த தண்ணீரில் உப்பைக் கொட்டிவிட்டு அடுப்பேற்றினால் அடியில் படிந்த உப்பு நாளடைவில் சிறு குழிகளை அரித்துவிடும். கொதித்த பிறகு போட்டுக் கலக்குங்கள்.

குக்கர்

முக்கால் அளவு நிரப்புவதே ஆபத்தான பழக்கம். மூன்றில் இரண்டு பங்குதான் எல்லை; நுரைத்துப் பொங்கும் பருப்பு வகைகளுக்குப் பாதி. நுரை ஆவிக்குழாயை அடைத்தால் அழுத்தம் போக வழி இருக்காது. ஒவ்வொரு முறையும் மூடுமுன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள், இரண்டு விநாடி வேலை.

அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைக்காமல் விடுவது வீண்செலவு. உள்ளே சூடு ஏறக்குறைய 120 டிகிரியில் நின்றுவிடும். அதற்குமேல் எரிக்கும் எரிவாயு தண்ணீரை ஆவியாக்கத்தான் போகிறது, சமையல் வேகம் அதிகரிக்காது. அவசரத்தில் கரண்டியால் வெயிட்டைத் தூக்கினால் உள்ளிருக்கும் நீர் ஒரே நொடியில் கொதித்துக் குழாய் வழியே பீறிடும். 10, 15 நிமிடம் தானாக அடங்கட்டும்.

கேஸ்கெட்டை ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவி, தனியே காயவைத்து வையுங்கள். இறுகியிருந்தாலோ விரிசல் கண்டாலோ மாற்ற வேண்டும். சேஃப்டி வால்வு போய்விட்டால் அதே தயாரிப்பாளரின் அதே மாடலுக்கான வால்வைத்தான் போட வேண்டும். பொருந்துகிறதே என்று வேறொன்றைத் திருகக் கூடாது.

மிக்சியும் தராசும்

மிக்சியில் நடக்கும் விபத்துகளில் மோசமானது கொதிக்கிற குழம்பையோ சூப்பையோ நிறைய ஊற்றி அரைப்பது. பிளேடு சுழன்றதும் ஆவி ஒரே வீச்சில் விரிந்து மூடியைத் தள்ளும். சற்று ஆறவிட்டு, ஜாரில் பாதிக்குள் வைத்து, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். சட்டென்று நின்றுபோனால் பழுது என்று முடிவுகட்டாதீர்கள்: பல மாடல்களில் அடியில் சிறு பொத்தான் இருக்கும், சுமை கூடினால் அது விழும். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, பாதிப் பண்டத்தை எடுத்துவிட்டு அழுத்தினால் ஓடும்.

தராசில் இருப்பது சின்னத் தவறுதான். ஒரு கப் மாவை நீங்கள் அள்ளுகிற விதத்தைப் பொறுத்து எடை 120 கிராமிலிருந்து 150 வரை மாறும் என்பதால்தான் தராசே வாங்குகிறோம். ஆனால் ஒரு கிராம் நுட்பமுள்ள தராசில் 3 கிராம் ஈஸ்ட்டை அளந்தால் அரை கிராம் வரை பிசகலாம். சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் சில தராசுகள் அந்த ஏற்றத்தைக் கவனிப்பதே இல்லை. அவ்வளவு சிறிய அளவுக்கு 5 மில்லி அளவுக்கரண்டியே மேல், தலைதட்டி எடுக்க வேண்டும்.