நாப்பியில் இருக்கிற உப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிபியைக் குறைக்க ஒரு வீட்டு வழி

ரங்கூனில் நம் வீடுகளில் யாருக்காவது பிபி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், முதல் வேலையாக மேசையிலிருக்கும் உப்புக் கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறோம். என் அம்மாவுக்கு 160/95 வந்தபோது நாங்களும் அதைத்தான் செய்தோம். மூன்று வாரம் கழித்து அளந்தால் பெரிய மாற்றம் இல்லை. அப்புறம் ஒருநாள் முழுக்க அடுப்படியில் இருந்து, அவர் சாப்பிடுவதை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தேன். காலையில் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ், அதில் மீன் சாஸும் அஜினோமோட்டோவும். மதியம் கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய். சாயங்காலம் டீயோடு லப்பே, அதாவது ஊறவைத்த தேயிலை. இரவில் வேகவைத்த காய்க்குத் தொட்டுக்கொள்ள நாப்பி, அதாவது மீனையோ இறாலையோ உப்பில் புளிக்கவைத்த விழுது. கிண்ணத்து உப்பு இதில் எந்த மூலைக்கு!

ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவு. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம், அதாவது ஒரு விஸ்ஸில் (சுமார் 1.6 கிலோ) மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அதுவும் நாப்பி, கருவாடு, சாஸ் எல்லாவற்றின் உப்பும் சேர்ந்து. உப்பு கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது, ரத்தக்குழாயின் சுவரில் அழுத்தம் ஏறுகிறது.

சரி, என்ன செய்வது? நாப்பியை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை, "நாப்பி இல்லாம சோறு இறங்காதுப்பா" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: ஒரு வேளைக்கு ஒரே ஓர் உப்புப் பொருள். இந்த வேளைக்கு நாப்பி என்றால் அதுவும் ஒரு சின்னக் கரண்டிதான், அந்த வேளைக்கு ஊறுகாய் கிடையாது, பருப்பில் உப்பு கிடையாது. கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஒருமுறை ஊறவைத்துக் கொட்டுங்கள், உப்பில் ஒரு பகுதி போய்விடும். குழம்பில் தனியாக உப்பு போடாதீர்கள். கடையில் மொஹிங்கா சாப்பிட்டால் மேலே சாஸ் ஊற்ற வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், குழம்பில் பாதியைக் கிண்ணத்திலேயே விடுங்கள். அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக. நாமோ உப்பையும் போட்டு அதையும் போடுகிறோம், சிக்கல் அங்கேதான்.

முதல் இரண்டு வாரம் எல்லாமே சப்பென்று இருக்கும், சண்டை வரும், விட்டுவிடாதீர்கள். எலுமிச்சை, புளி, வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, பூண்டு, எலுமிச்சைப்புல் இவற்றைத் தாராளமாகப் போடுங்கள். பர்மியர் சின்பௌங் என்று சொல்லும் புளிச்சக்கீரை நமக்குக் கிடைத்த வரம், அந்தப் புளிப்புக்கு உப்பு பாதி போதும். ஓரிரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். இப்போது அம்மாவுக்கே வெளிச்சாப்பாடு கரிக்கிறது.

உப்பைக் குறைப்பதோடு பொட்டாசியத்தையும் கூட்ட வேண்டும். வாழைப்பழம், கீரை, தக்காளி, அவித்த பட்டாணி, இளநீர் எல்லாம் சந்தையில் கிடைப்பவைதான். 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த டாஷ் ஆய்வில் பழம், காய்கறி, கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு மேல் எண் சுமார் 11 புள்ளி இறங்கியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இளநீரையும் வாழைப்பழத்தையும் கூட்டக் கூடாது, பொட்டாசியம் கலந்த மாற்று உப்பையும் தொடக் கூடாது.

நடை: வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். கண்டோஜி ஏரிப் பக்கம் போக முடிந்தால் நல்லது, இல்லையென்றால் வெயில் ஏறும் முன் தெருவிலேயே நடக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் அழுத்தத்தில் சுமார் ஒரு புள்ளி குறையும் என்பார்கள், அதனால் டீக்கடையில் கெட்டிப்பால் ஊற்றிய டீ நாளைக்கு நான்கு குடிப்பவர்கள் ஒன்றுக்கு வரப் பாருங்கள். புகையிலை வைத்த வெற்றிலை, சுருட்டு, குடி மூன்றையும் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விட்டே ஆக வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று வலி மாத்திரை. முட்டிவலிக்கு மருந்துக்கடையில் தானாகவே வாங்கி மாதக்கணக்கில் போடும் டைக்லோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை பிபியை ஏற்றக்கூடியவை. அம்மாவின் பையில் ஒரு அட்டை இருந்தது எங்களுக்கே தெரியாது.

அளக்கும்போது அவசரப்படாதீர்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, வெற்றிலை, சுருட்டு வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில், நெஞ்சு உயரத்தில் கட்டுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். கரண்ட் போகிற ஊர், அதனால் பேட்டரியில் ஓடும் மிஷின் வாங்குங்கள்.

அம்மாவுக்கு நான்கு மாதத்தில் 138/84-க்கு வந்தது, மாத்திரையை ஒருநாளும் விடாமல். எண் இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், அந்த நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள், குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும். 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போவது என்று ஏதாவது தெரிந்தால் பூண்டு, மோர் என்று வீட்டில் நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.