டைல்ஸ் பதிக்க ஆள் அமர்த்தும் முன்

செராமிக் டைல்ஸ் பதிக்க உங்கள் பகுதியிலேயே இருக்கும் தொழிலாளரை அமர்த்துவதில் உள்ள பெரிய வசதி, அவர் முன்பு வேலை செய்த வீட்டை நேரில் சென்று பார்க்கலாம் என்பதுதான். புதிய தரை எல்லாமே அழகாகத்தான் தெரியும் என்பதால், பதித்து ஓராண்டாவது ஆன தரையைப் பாருங்கள். அங்கே ஒரு நாணயத்தால் டைல்ஸ் மீது மெல்லத் தட்டும்போது வெற்றொலி கேட்டால், அடியில் கலவை முழுமையாகப் பரவவில்லை என்று பொருள். அத்தகைய இடத்தில் கனமான பொருள் விழுந்தால் டைல்ஸ் எளிதில் விரிசல் விடும்.

குளியலறை வேலை என்றால், தண்ணீர் வடிவதற்கு எவ்வளவு வாட்டம் கொடுப்பார், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை யார் செய்வார் என்று முதலிலேயே கேளுங்கள். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் தேவை என்பதைத் தயங்காமல் சொல்பவர் அனுபவசாலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கூலியைச் சதுர அடிக் கணக்கில் பேசினாலும், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியோரம் பதிக்கும் டைல்ஸ் பட்டை), படிக்கட்டு, பழைய தரையை உடைத்து அகற்றுதல், டைல்ஸ்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் கிரவுட் என்னும் பூச்சுக் கலவையை நிரப்புதல் ஆகியவை அதில் அடங்குமா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. டைல்ஸை 10 சதவீதம் கூடுதலாக, பெட்டிகளில் ஒரே பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பதித்த பின் ஒரு நாளாவது காயவிட்டுத்தான் கிரவுட் நிரப்ப வேண்டும். கூலியின் கடைசித் தவணையை, முழுத் தரையையும் தட்டிப் பார்த்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகு கொடுங்கள்.