பகிஷ்கரிப்பு: யாரிடம் வாங்காமல் விடுவது, எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது

தன்பாலீர்ப்பாளருக்கு (தம் பாலினரையே விரும்புவோருக்கு) அறையோ மண்டபமோ தர மறுக்கும் இடத்தை இலங்கையில் பகிஷ்கரிக்க நினைக்கிறீர்களா? முதலில் யாருக்கு எதிராக என்பதைத் தீர்மானியுங்கள். பெரும்பாலான பகிஷ்கரிப்புகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் பிரித்தானிய ஆட்சி எழுதிவைத்தவை. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதற்குள் இழுத்தது. இவற்றை மாற்றக்கூடியது பாராளுமன்றம். நீங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்காமல் விட்டால் அதற்கு ஒரு சதமும் நட்டமில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, கடைக்கும் விடுதிக்கும் போவதை இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகத் தடுக்கக்கூடாது என்கிறது. பாலீர்ப்பு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. தன்பாலீர்ப்பாளருக்கு அறை இல்லை, மண்டபம் இல்லை என்பவர் இந்த ஓட்டைக்குள்தான் நிற்கிறார். சட்டத்தை விட்டுவிட்டு அவரைப் பிடியுங்கள்.

சட்டத்தையே அசைத்த பகிஷ்கரிப்புகளும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், மத நம்பிக்கையைக் காட்டி வாடிக்கையாளரை மறுக்க இடம் தரும் என்று பலரும் அஞ்சிய சட்டத்தில் 2015 மார்ச் 26ஆம் திகதி ஆளுநர் மைக் பென்ஸ் ஒப்பமிட்டார். அங்கேயே இயங்கிய ஆஞ்சிஸ் லிஸ்ட் நிறுவனம் 40 மில்லியன் டொலர் விரிவாக்கத்தை நிறுத்தியது. அடுத்த வாரமே பெரிய கூடைப்பந்துப் போட்டி அந்த ஊரில் நடக்கவிருந்தது. ஏப்ரல் 2ஆம் திகதி திருத்தம் வந்தது, ஏழே நாளில். இழக்கப்போகிறவர்கள் உள்ளூர்க்காரர், இழப்புக்கு ஒரு திகதியும் இருந்தது.

வட கரோலினாவில் அப்படி நடக்கவில்லை. தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் இருந்த உள்ளூர்ப் பாதுகாப்பு விதிகளைப் பறித்து 2016 மார்ச்சில் வந்த சட்டத்தை எதிர்த்து பேபால் நிறுவனம் 400 வேலைகளை விலக்கியது, தேசிய கூடைப்பந்துச் சங்கம் தன் நட்சத்திரப் போட்டியை நியூ ஓர்லியன்ஸுக்கு மாற்றியது. சட்டத்தை நீக்க ஒரு வருடம் எடுத்தது. நீக்கியபோதும், உள்ளூராட்சி சபைகள் பாகுபாட்டுத் தடை விதிகள் இயற்ற முடியாதபடி 2020 டிசம்பர் வரை பூட்டு வைத்தார்கள். "எது கிடைத்தால் நிறுத்துவோம்" என்று தொடங்குமுன்பே எழுதிவைக்காவிட்டால், எதிராளி கொடுத்ததுதான் முடிவு என்றாகிவிடும். முடிவு எழுதாமல் இறங்கினால் என்னாகும் என்பதற்கு நம்மூர் உதாரணமே இருக்கிறது. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அக்காலச் சட்டசபையான அரசுப் பேரவைக்கான தேர்தலைப் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன, பேரவை மற்றவர்களோடு நடந்துகொண்டுதான் இருந்தது.

இனிக் கணக்கு. ஒரு தேத்தண்ணிக் கடைக்கு நாற்பது பேர் போகாமல் விட்டால் முதலாளிக்கு அது தெரியவே வராது, மழைக்கு ஆள் குறைவு என்று நினைப்பார். ஒரு விடுதியை எடுங்கள். பத்து அறை, ஓர் இரவு 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நல்லூர்த் திருவிழா 25 நாள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் ஆறு குடும்பங்கள் நாலு இரவு வீதம் வேறிடம் போனால் 24 அறை இரவு, 192,000 ரூபாய். அதை அவர் பதிவுக் கொப்பியிலேயே பார்ப்பார். ஆகவே கடிதத்தைத் திருவிழாவுக்கு மூன்று மாதம் முன்பே கொடுங்கள், கொடியேறியபின் கொடுத்துப் பயனில்லை. கல்யாண மண்டபமானால் முற்பணம் கட்டும் காலத்துக்கு முன்.

மறுத்தார்கள் என்பதை உறுதிப்படுத்தும் வேலையில் அவசரம் கூடாது. அரை மணி இடைவெளியில் இரண்டு தொலைபேசி அழைப்பு, ஒரே திகதிக்கு, ஒரே வகை அறைக்கு. முதலாவதில் "எனக்குத் தெரிந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு" என்று கேளுங்கள். இரண்டாவதில் "சோடியாக வாழ்கிற இரண்டு ஆண்களுக்கு." அழைப்பவர் பாதிக்கப்பட்டவராக இருக்கக்கூடாது, அவருடைய இலக்கமும் வேண்டாம். 365அ இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கொப்பியில் திகதி, நேரம், எடுத்தவர் சொன்ன சொல் அப்படியே: "அப்பிடியான ஆக்களுக்கு நாங்கள் றூம் குடுக்கிறேல்லை." வெறுமனே "றூம் இல்லை" என்றது சான்றாகாது. கல்யாணம் கட்டாத எந்தச் சோடிக்கும் அறை கொடுக்காத விடுதியானால் அது வேறு வழக்கு, இதற்குள் கலக்காதீர்கள்.

பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்தை அறியாதவர்கள். ஊரும் வேலையும் சொன்னால் இங்கே அது பெயர் சொன்ன மாதிரி. பகிஷ்கரிப்பில் சேர உறுதியளிப்போரின் பட்டியலையும் இணையப் படிவத்தில் சேர்க்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும், ஒருவர் கையில், தாளில். பெயர் போட்டு ஒப்பமிடக் கூடியவர்கள் வெளிநாட்டு உறவுகள்தான், கடிதம் அவர்கள் பெயரில் போகட்டும். ஆனால் தொடங்குவதும் நிறுத்துவதும் இங்கிருப்பவர் முடிவு.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. நடந்தது என்ன, எந்தத் திகதியில், கேட்பது என்ன, பதிலுக்கு 14 நாள். கோரிக்கை செய்யக்கூடியதாக இருக்கட்டும்: "யாராக இருந்தாலும் வேறுபாடின்றி அறை வழங்கப்படும்" என்று வரவேற்பு மேசைக்கு மேலே மும்மொழியிலும் ஒரு வரி, வேலையாட்களுக்கும் அதே அறிவுறுத்தல். மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். ஊருக்கு முன்னால் தலை குனியச் சொன்னால் பலகை மாட்டச் சம்மதித்தவரும் பின்வாங்குவார். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், இன்னொன்றைக் கையில் கொடுங்கள்.

பதினைந்தாம் நாள் பதிலில்லையென்றால் அறிவியுங்கள். கொப்பியில் உள்ளதை மட்டும் எழுதுங்கள், அடைமொழி ஒன்றும் வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்கு போடலாம். இணையத்தில் எழுதுவதற்கு 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. முதலாளியின் சாதியையோ மதத்தையோ குடும்பத்தையோ யாராவது இழுத்தால் அந்தப் பின்னூட்டத்தை உடனே எடுத்துவிடுங்கள். அது நின்றால் பேச்சு அறை மறுத்ததிலிருந்து விலகிப் போய்விடும், பிறகு திரும்பி வராது. ஒரே பெயரில் "பழைய", "புதிய" என்று இரண்டு விடுதி இருந்தால் வீதிப் பெயரையும் போடுங்கள், இல்லாவிட்டால் குற்றமில்லாதவருக்கு அடி விழும்.

அங்கே வேலை செய்யும் பெடியளிடமும் முன்கூட்டியே கதையுங்கள். அவர்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளராக இருக்கலாம், சம்பளம் வெட்டப்படுவதும் முதலில் அவருக்காக இருக்கலாம். கலிபோர்னியா இதே மாதிரி ஒன்றைப் பட்டுத் தெரிந்துகொண்டது. பாகுபாட்டுச் சட்டம் உள்ள மாநிலங்களுக்கு அரச செலவில் பயணம் கூடாது என்று 2016இல் சட்டம் போட்டது. பட்டியல் இருபது மாநிலங்களைத் தாண்டியது, சிரமப்பட்டது தன் ஆய்வாளரும் மாணவரும். 2023இல் அதைக் கைவிட்டது.

பலகை ஏறிய அன்றே பகிஷ்கரிப்பை நிறுத்துங்கள், தொடங்கியதை அறிவித்த அதே பக்கங்களில் நிறுத்தியதையும் போடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த இரண்டு அழைப்பையும் மறுபடி எடுங்கள். மேசைக்குப் புதிதாக வந்த ஆள் பழைய பதிலைச் சொன்னால், முதலில் முதலாளிக்கு ஒரு தொலைபேசி.