பழுதாகிவந்த டிரைவைத் தொகுப்பிலிருந்து கழற்றிய அனுபவம்

பல டிரைவ்களை ஒன்றாக இணைக்கும் விண்டோஸ் 10 வசதியான ஸ்டோரேஜ் ஸ்பேசஸில் நான்கு ஹார்டு டிரைவ்களை ஒரே தொகுப்பாக, இருவழி மிரர் முறையில், அதாவது எல்லாத் தரவும் இரண்டு டிரைவ்களில் இருக்கும்படி வைத்திருந்தேன். திடீரென்று கோப்புகள் திறக்கவே நேரமெடுத்தது. டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தால், ஒரு டிரைவில் 197ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (தரவு பதியும் சிறு பகுதிகளின்) கணக்கு, நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது.

உடனே கழற்றிவிடத்தான் கை பரபரத்தது. மிரர் இருப்பதால் தரவு தப்பும்தான். ஆனால் அதே நேரத்தில் இன்னொரு டிரைவும் படுத்துவிட்டால்? முதலில் முக்கியமான படங்களை வெளி டிரைவுக்கு நகலெடுத்தேன்.

அப்புறம், மற்ற மூன்றிலும் போதிய காலியிடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லையென்றால் புது டிரைவை முதலில் சேர்த்தாக வேண்டும். சரி, இடம் இருந்தது. அந்த டிரைவுக்கு நேரே 'ப்ரிபேர் ஃபார் ரிமூவல்' கொடுத்ததும் தரவு மற்றவற்றுக்கு நகரத் தொடங்கியது. நடுவில் கணினி தூங்கிவிடக் கூடாது என்று ஸ்லீப்பை நிறுத்திவைத்தேன். ஓர் இரவும் மறுநாள் பாதியும் போனது. 'ரெடி டு ரிமூவ்' வந்த பிறகே 'ரிமூவ்' அழுத்தினேன்.

பெட்டியைத் திறந்தால் நான்கும் ஒரே மாதிரி! நல்லவேளை, விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லில் கெட்-பிசிக்கல்டிஸ்க் கட்டளை மூலம் சீரியல் எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தேன். கணினியை அணைத்து, லேபிளில் உள்ள எண்ணை இரண்டு முறை ஒப்பிட்டுத்தான் கேபிளை உருவினேன். மறுபடி இயக்கியதும் தொகுப்பு 'ஓகே' காட்டியது.