ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் கிளம்பும் முன் மழை எச்சரிக்கையைப் படிப்பது எப்படி?

வேலூர்க்காரர்களுக்கு மலை என்றால் அமிர்தி, ஜமுனாமரத்தூர், ஏலகிரி. சனிக்கிழமை ராத்திரி பேசி முடிவெடுத்து, ஞாயிறு விடியும்போது வண்டியை எடுத்துவிடுவோம். வானிலை என்று பார்ப்பது கைப்பேசித் திரையில் தெரியும் மேகப் படத்தையும் 32 டிகிரி என்ற எண்ணையும்தான். அந்த எண் சத்துவாச்சாரிக்கோ காட்பாடிக்கோ ஓரளவு சரியாக இருக்கும். மலைக்குப் பொருந்தாது.

வானிலை மையத்தின் பக்கத்தை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழகிவிட்டால் பத்து நிமிட வேலைதான். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை தருவது மாவட்டத்துக்கு, மழை பெய்வது மலையில், தண்ணீர் இறங்குவது பல நேரம் பக்கத்து மாவட்டத்தில். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதற்காகத்தான்.

படி 1: போகிற இடம் எந்த மாவட்டம்?

பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் மாவட்டம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. மலை மட்டும் அதே மலைதான். ஜவ்வாது மலையில் அமிர்தி, அல்லேரி, பீஞ்சமந்தை எல்லாம் வேலூர் மாவட்டம். புதூர்நாடும் வானோக்கு நிலையம் இருக்கும் காவலூரும் திருப்பத்தூர் மாவட்டம். ஜமுனாமரத்தூரும் பீமன் அருவியும் திருவண்ணாமலை மாவட்டம். ஏலகிரியும் ஜலகாம்பாறையும் திருப்பத்தூர்.

அதனால் "வேலூருக்கு ஒன்றும் எச்சரிக்கை இல்லை" என்று ஜமுனாமரத்தூருக்குக் கிளம்பக் கூடாது. ஜவ்வாது மலையில் எந்த மூலைக்குப் போனாலும் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மூன்றையும் பாருங்கள். மூன்றில் எது மோசமோ அதுதான் உங்களுக்கான எச்சரிக்கை.

படி 2: நிறத்தைப் பாருங்கள், தேதியையும் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலியிலோ, சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வலைத்தளத்திலோ மாவட்ட எச்சரிக்கை வரைபடம் இருக்கும். பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.

பலர் தவறவிடுவது நேரத்தை. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8:30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8:30-க்கு முடிகிறது. சனிக்கிழமை கட்டத்தில் ஆரஞ்சு இருந்தால் அது ஞாயிறு விடிகாலைக்கும் சேர்த்துத்தான். ஞாயிறு கட்டம் பச்சை என்று நம்பி அதிகாலை 4 மணிக்கு மலைச்சாலையில் ஏறினால், நீங்கள் இன்னும் சனிக்கிழமை எச்சரிக்கைக்குள்தான் இருக்கிறீர்கள்.

மழை அளவுக்குப் பயன்படும் சொற்களுக்கும் திட்டமான கணக்கு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கன மழை. 115.6-லிருந்து 204.4 வரை மிக கன மழை. அதற்கு மேல் அதி கன மழை. சென்னை மையம் பெரும்பாலும் சென்டிமீட்டரில் சொல்வதால் 7, 12, 21 என்ற மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். 7 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 70 லிட்டர். சமவெளியில் அது தேங்கி நிற்கும். மலைச்சரிவில் அத்தனையும் ஓடைக்குத்தான் போகும்.

படி 3: அறிவிப்பின் வாக்கியத்தைப் பிரித்துப் படியுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். வழக்கமாக வரும் அறிவிப்பு இப்படி இருக்கும்:

"அடுத்த 3 மணி நேரத்தில் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு."

"அடுத்த 3 மணி நேரத்தில்" என்றிருந்தால் இது உடனடி முன்னறிவிப்பு. மதியம் 1 மணிக்கு வந்தது மாலை 4 மணிக்குக் காலாவதி ஆகிவிடும். காலையில் வாட்ஸ்அப்பில் வந்ததை மாலையில் நம்பக் கூடாது. வந்த நேரம் இல்லாமல் யாராவது அனுப்பினால் அதைத் தள்ளிவிட்டு மூலத்தைத் திறந்து பாருங்கள்.

"ஓரிரு இடங்களில்" என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை மழை பதிவாகலாம். அதற்கு மேல் பாதி வரை "சில இடங்களில்". முக்கால் பங்கு வரை "அநேக இடங்களில்". அதையும் தாண்டினால் "பெரும்பாலான இடங்களில்". இந்தச் சொற்கள் பரப்பைச் சொல்கின்றன, பலத்தைச் சொல்வதில்லை. ஓரிரு இடங்களில்தான் பெய்யும் என்றாலும், அந்த ஓரிரு இடத்தில் கொட்டித் தீர்க்கலாம். நம் பகுதியில் மழை மேகம் முதலில் திரளும் இடங்களில் மலை முக்கியமானது. எனவே மலைக்குப் போகிறவர் அந்த "ஓரிரு இடம்" தான் போகும் இடம்தான் என்று எடுத்துக்கொள்வதே சரி.

"லேசானது முதல் மிதமான" என்பதைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிடுவோம். ஆனால் மிதமான மழையின் உச்சவரம்பு 64.4 மில்லிமீட்டர். 24 மணி நேரத்தில் சிறுகச் சிறுகப் பெய்தால் தொந்தரவில்லை. ஒரு மணி நேரத்தில் பெய்தால் அமிர்தி ஓடையில் யாரும் கால் வைக்க முடியாது.

கடைசியாக "இடி மின்னலுடன்". மலையில் இருப்பவருக்கு வாக்கியத்திலேயே முக்கியமான சொல் இதுதான். இதோடு "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று" என்றும் இருந்தால், கொண்டை ஊசி வளைவுகளில் மரக்கிளை விழும் என்று எதிர்பார்த்தே வண்டி ஓட்ட வேண்டும்.

படி 4: பருவத்தை வைத்து நேரத்தைக் கணியுங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வேலூர் வெயில் தகிக்கும்போது, பிற்பகலில் மலைமுகட்டுக்கு மேல் வெள்ளை மேகம் கோபுரமாக எழும்பும். மாலையில் சூறைக்காற்றோடு கோடை மழை. சில நாள் ஆலங்கட்டியும் விழும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும் மழை பெரும்பாலும் பிற்பகலுக்குப் பிறகும் இரவிலும்தான். அந்த மாதங்களில் மேலே மேற்குக் காற்று வீசுவதால், மலையில் திரண்ட மேகம் கிழக்கே ஆற்காடு, காஞ்சிபுரம் பக்கம் நகரும். இந்த மாதங்களில் மலைக்குப் போக நல்ல நேரம் காலைதான். மதியச் சாப்பாட்டை மேலே முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கணக்கு செல்லாது. வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும். காலை, மாலை என்று பார்க்காது. அப்போது நேரத்தைவிட வங்கக்கடலில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வெப்பநிலை பற்றி ஒரு வரி. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம், ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். ஆகவே ஊரில் காட்டும் எண்ணிலிருந்து ஐந்தாறு டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். நனைந்த உடம்போடு பைக்கில் இறங்கும்போது குளிர் இதைவிடக் கடுமையாகத் தெரியும். குழந்தைகளை அழைத்துப் போனால் மாற்றுத் துணி கட்டாயம்.

படி 5: செயலியின் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

உலக அளவிலான கணினி மாதிரிகள் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. பல செயலிகளுக்கு அடிப்படையான மாதிரிகளில் ஒரு கட்டம் 9 முதல் 13 கிலோமீட்டர் வரை இருக்கும். 2025 மே மாதம் இந்தியா அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் அது 6 கிலோமீட்டர். அப்போதும் ஒரு மலைமுகடும் அதன் அடிவாரமும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடலாம். மாதிரியின் கண்ணுக்கு மலை மழுங்கித்தான் தெரியும். 40 சதவீத வாய்ப்பு என்று காட்டினால் அதை மலைக்குக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

படி 6: கிளம்பும் முன் ரேடார் படம்

சென்னை டாப்ளர் ரேடாரின் படத்தை வானிலைத் துறைப் பக்கத்திலேயே பார்க்கலாம். படத்தில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று நேரம் போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். 9:00 யுடிசி என்றால் நமக்கு மதியம் 2:30. ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுத்தடுத்த நாலைந்து படங்களைப் பாருங்கள். பலத்த மழையைக் காட்டும் மஞ்சள், சிவப்புத் திட்டு எந்தப் பக்கம் நகர்கிறது, பெரிதாகிறதா, கரைகிறதா என்பதுதான் கேள்வி. திட்டு ஒரே இடத்தில் நின்று சிவந்துகொண்டே போனால், அங்கே இறங்கும் ஓடைகள் அனைத்தையும் ஆபத்தாகக் கருதுங்கள்.

ரேடாருக்கு ஒரு குறை உண்டு. பூமி வளைந்திருப்பதால், தூரம் போகப் போக அதன் கதிர் உயரே போய்விடும். சென்னையிலிருந்து ஜமுனாமரத்தூர் நேர்கோட்டில் 160 கிலோமீட்டர் சுமார். அங்கே கதிர் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்தில்தான் பாய்கிறது. அதற்குக் கீழே தாழ்ந்த மேகத்திலிருந்து பெய்யும் மழை படத்தில் மங்கலாகவோ, தெரியாமலோ போகலாம். படம் வெறுமையாக இருப்பதை மழை இல்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். மேலே இருக்கும் தெரிந்தவருக்கோ தங்கும் விடுதிக்கோ ஒரு போன் போட்டு, "அண்ணே, முகட்டுல மேகம் இறங்கியிருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

படி 7: நேற்றைய மழைப் பட்டியல்

காலை 8:30 வரை பதிவான மழையைத் தினமும் ஊர்வாரியாக வெளியிடுகிறார்கள். அதில் ஜமுனாமரத்தூர், ஆலங்காயம், ஆம்பூர் பெயர்களைத் தேடுங்கள். முந்தைய இரண்டு நாளும் மலையில் நல்ல மழை என்றால் மண் ஊறியிருக்கும். புதிதாகப் பெய்வது உள்ளே இறங்காது, மேலோடு வழிந்து வரும். சாலையோரப் பாறையும் மண்ணும் பிடிமானம் இழந்திருக்கும். அப்படிப்பட்ட நாளில் மஞ்சளை ஆரஞ்சாகவே வைத்துத் திட்டத்தை மாற்றிக்கொள்வேன்.

படி 8: மின்னல்

புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அபாயம் இருந்தால் சொல்லும். சிக்னல் இல்லாத இடத்தில் காதும் கண்ணும்தான் கருவி. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் திறந்த வெளியை விட்டு உடனே விலகுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். கான்கிரீட் கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார் நல்லது. ஏலகிரியில் சுவாமிமலை உச்சி, புங்கனூர் ஏரிப் படகு, ஒற்றைப் புளியமரத்தடி மூன்றும் கூடவே கூடாது.

படி 9: ஓடையைப் படியுங்கள்

நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். தலைக்கு மேல் மேகமே இருக்காது. ஆனால் ஐந்தாறு கிலோமீட்டர் மேலே பெய்த மழை கானாற்றில் வந்துகொண்டிருக்கும். தெளிவாக ஓடிய தண்ணீர் முதலில் லேசாகக் கலங்கும். பிறகு செம்மண் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும். சற்றுமுன் வெளியே தெரிந்த கல் மூழ்கியிருக்கும். மேல்பக்கத்திலிருந்து இடைவிடாத இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் துணி, செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேடேறுங்கள். ஓடையோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது, தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். அருவியில் குளிக்கும்போது கூட்டத்தில் ஒருவராவது கரையில் நின்று மேல்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வனத்துறை அருவியை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். அவர்களுக்கு மேலே என்ன பெய்கிறது என்ற தகவல் இருக்கும்.

படி 10: புயல் நாட்களில்

துறைமுகக் கூண்டு எண் கடலோரத்துக்கானது, நமக்குத் தேவையில்லை. நாம் பார்க்க வேண்டியது புயல் கரையேறிய பிறகு எந்தத் திசையில், எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதைத்தான். மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் வீடுகள்மீது சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. கடலிலிருந்து அவ்வளவு தூரத்தில், புயல் வலுவிழந்த பிறகு. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்ததும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கரையேறிய சமயத்தில்தான். "புயல் கரையைக் கடந்தது" என்ற செய்தி வந்த பிறகு குறைந்தது இரண்டு நாளாவது மலைப் பயணம் வேண்டாம். மலையடிவாரத்தில் மண்சுவர் வீட்டில் இருக்கும் உறவினர்களையும் அந்த இரண்டு நாளும் உங்கள் வீட்டுக்கோ முகாமுக்கோ அழைத்து வந்துவிடுங்கள்.

கைப்பேசியில் இருக்க வேண்டியவை

மௌசம், தாமினி, தமிழக அரசின் டிஎன் அலர்ட், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. மேலே பல இடங்களில் சிக்னல் போய்விடும் என்பதால் எண்களைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியாக ஏறுகிறீர்கள், போளூரா, ஆலங்காயமா, திருப்பத்தூரா, எத்தனை மணிக்குள் இறங்குவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரமாகியும் போன் வரவில்லை என்றால் 1077-க்கு அழைக்க வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லி வையுங்கள்.